உலகப் பாட்டுப் போட்டியும் ஒரு தாய்மாமன் மடியும்

இனி எழுதப்போவதில் ஓர் எழுத்தும் பொய் கிடையாது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சன்னதியில் சூடம் கொளுத்தி, அது எரியும்போதே உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. அந்த அம்மன் திங்களும் வெள்ளியும் மட்டுமே கோயிலில் இருப்பவள். வேறு கிழமையில் போய், ஆளில்லாத நேரத்தில் சத்தியம் செய்துவிட்டு வந்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வெள்ளிக்கிழமையாகப் பார்த்தே போனது. பூசாரி சாட்சி. உள்ளங்கையில் கொப்புளமும் இருந்தது, இப்போது ஆறிவிட்டது.

நடந்தது எண்பத்தைந்தாம் வருஷம், ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, முந்திரிக் காட்டுக்குள் ஒரு மைல் நடந்தால் வரும் நல்லாம்பத்தை என்ற ஊரில்.

வீரமுத்துவுக்குச் செந்துறை கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை. பதினோரு சைக்கிள்; அதில் ஏழுக்கு சீட் உண்டு. அவனுடைய அக்கா கொளஞ்சியம்மாளை நல்லாம்பத்தை இராமலிங்கத்துக்குக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு ஒரே பெண், மூன்று வயது, பெயர் காத்தாயி. அன்றைக்கு அவளுக்குத்தான் காதுகுத்து.

அந்தப் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஒரு தடவை மடி கொடுத்தவன்தான் அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் மாமன். பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் அவன்தான், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். மடி கைவிட்டுப் போனால், சொந்த அக்கா வீட்டில் வந்தவர் போனவரோடு பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தைக் குடித்துவிட்டு, இலையை மடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த மடிக்குப் போட்டியாக வந்தவன் வீரமுத்துவின் பெரியப்பா மகன் அண்ணாதுரை. திருமானூர்க்காரன். கொள்ளிடத்துத் தண்ணீரில் நெல்லும் கரும்புமாக வைத்திருப்பவன். நாள் குறிக்க எல்லாரும் கூடியபோது அவன் தொண்டையைச் செருமினான்.

"நம்ம வம்சத்துல மூத்தவன் நான். கொளஞ்சி எனக்கும் தங்கச்சிதான். என் மடி இருக்க, சைக்கிள் கட மடியில புள்ள உக்காருதுன்னா ஊரு என்ன நெனைக்கும்?"

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இராமலிங்கத்தின் பெரியப்பா அரியமுத்து. யாருடைய பகையும் வேண்டாம் என்பவர் அவர். தம்முடைய மாடுகளுக்குள் சண்டை வந்தால்கூட இரண்டையும் தட்டிக்கொடுப்பார். வெற்றிலையை மென்று முடித்துச் சொன்னார்:

"சண்ட வேண்டாம்டா. ரெண்டு பேரும் சீர் கொண்டாங்க. எந்தச் சீரப் பாத்து நல்லாம்பத்த வாயப் பொளக்குதோ, அவன் மடியில புள்ளைய வச்சிருவோம்."

அண்ணாதுரை அங்கேயே தட்டுகளை எண்ண ஆரம்பித்தான். வீரமுத்து ஒன்றும் எண்ணவில்லை. எண்ணும் அளவுக்கு அவனிடம் ஒன்றும் இல்லை. வாயை மட்டும் திறந்தான்.

"நான் டெக்கு கொண்டாறேன். டி.வி.யோட. புதுப்படம் போடுறேன்."

அப்போதே பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் லெப்பைக்குடிக்காட்டு நஜீமுதீன். ஒரு காலத்தில் அவன் வீரமுத்துவிடம் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராக அத்தர் விற்றவன். அப்புறம் துபாய் போய், ஆறு வருஷம் கழித்து ஒரு கலர் டி.வி.யும் டெக்கும் பதினான்கு கேசட்டுமாகத் திரும்பியிருந்தான். வீரமுத்து போய்க் கேட்டதும், "ஒனக்கு இல்லாததா மாப்ள?" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாதுரையின் சீர் வந்தது. மூன்று மாட்டு வண்டி, இருபத்தொரு தாம்பாளம், கொம்புக்கு வர்ணம் அடித்த ஒரு கடா, முன்னால் மேளம். ஊர் பார்த்தது. வாய் கொஞ்சம் திறந்தது, பாதியில் நின்றுவிட்டது. வர்ணம் அடித்த கடாவை நல்லாம்பத்தை முன்பே பார்த்திருந்தது.

பதினோரு மணிக்கு நஜீமுதீன் வந்தான். டி.வி.யை மடியில் வைத்தால் கண்ணாடி உடைந்துபோகும் என்று, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான். பெரம்பலூரில் ஏறிய ஒரு பெரியவர் அந்த சீட்டில் உட்காரப் பார்த்தபோது கண்டக்டர் தடுத்து, "டிக்கெட் எடுத்த பாசஞ்சருங்க" என்றாராம்.

பந்தி முடிந்ததும் எல்லாரும் இராமலிங்கத்தின் முந்திரிக்கொட்டகைக்குள் கூடினார்கள். சன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கினார்கள். முந்திரிக்கொட்டை மூட்டைகள்தான் பெஞ்சு. செந்துறைச் சொந்தம் ஒரு பக்கம், திருமானூர் ஒரு பக்கம், இராமலிங்கத்துக்கு அம்மா வழியான குரும்பலூர்க்காரர்கள் நடுவில், உள்ளூர் எல்லாப் பக்கமும். காது குத்த வந்த வேணுகோபால் பத்தர் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்தார். நல்ல நேரம் மூன்றரைக்கு. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு ஊர் போய்ச் சேர வழியில்லை.

நஜீமுதீன் கேசட்டைப் போட்டான். டி.வி.யில் புழு ஊர்ந்தது. அப்புறம் ஒரு வெள்ளைக்காரன் கோட்டும், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு முடிச்சுமாக வந்து சிரித்தான். பேசினான். திரும்பவும் சிரித்தான்.

நஜீமுதீன் முகம் சுண்டிப்போனது. வீரமுத்துவின் காதருகே வந்தான்.

"யா அல்லாஹ்... மாப்ள, கேசட்டு மாறிப்போச்சு."

"மாறிப்போச்சுன்னா?"

"நான் வர்றதுக்கு முந்தி உம்மா எல்லாத்தையும் ஈரத் துணியால தொடச்சு வச்சிருக்காங்க. பேரு ஒட்டுனதெல்லாம் போச்சு. கைக்கு வந்த டப்பாவுல கைக்கு வந்த கேசட்டு."

"இது என்ன கேசட்டு?"

"ஐரோப்பா பக்கத்துப் பாட்டுப் போட்டி. எங்க ரூம்ல ஒரு லெபனான்காரன் எங்கிருந்தோ புடிச்சு வச்சிருந்தான். நாட்டுக்கு ஒரு பாட்டு. பாட்டுக்கு ஒரு குட்டிப் படம். பத்தொம்போது நாடு."

"படம் எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆவும்?"

"மூணு பஸ்ஸு போவ, மூணு பஸ்ஸு வர."

எதிரே அக்கா கொளஞ்சி, காத்தாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம், "எந் தம்பி கொண்டாந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, வெள்ளக்காரன் நியூஸ் படிக்கிறான்?" என்றான் அண்ணாதுரை, எல்லாருக்கும் கேட்கும்படி. "புதுப்படம்னியே, எங்க?"

வீரமுத்து எழுந்து நின்றான். என்ன சொல்லப்போகிறோம் என்று, சொல்லி முடிக்கும் வரை அவனுக்கே தெரியாது.

"புதுப்படத்தை அரியலூர்ல எவன் வேண்ணாலும் பாப்பான்ண்ணே. இது உலகப் பாட்டுப் போட்டி. ஜெயிச்சது யாருன்னு இன்னும் முடிவாவல. மார்க் போடுறதுக்கு நாட்டுக்கு ஒரு ஊருக்கு அனுப்புவாங்க. இந்தியாவுக்கு நல்லாம்பத்தைக்கு வந்திருக்கு."

பின்வரிசைக்காரர்கள் மூட்டைமேல் ஏறி நின்று டி.வி.யைப் பார்த்தார்கள்.

"நல்லாம்பத்தைக்கு எதுக்கு அனுப்புறான்?" என்று கேட்டார் அரியமுத்து.

"முந்திரி எங்க போவுது மாமா? கப்பல்ல அவங்ககிட்டதான போவுது? திங்கிறவன் யோசிக்க மாட்டானா, இது எந்த ஊருக் கொட்டைன்னு?"

அரியமுத்து இடமும் வலமும் பார்த்தார். இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. "நியாயந்தான்," என்றார். "போடு பாப்போம்."

முதலில் வந்தவன் வெள்ளைக் கோட்டுக்காரன். கடற்கரையில் ஒற்றை ஆளாக நடந்தான். காற்று தலைமுடியைக் கலைத்தது; கோதிவிட்டுக்கொண்டு பாடினான். திரும்பவும் கலைத்தது.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிட்டா," என்றாள் ரெங்கம்மாள். இராமலிங்கத்தின் மூத்த அக்கா. ஊரில் கும்மிக்கு முதல் அடி எடுக்கிறவள். பாட்டு விஷயத்தில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. "போய் நாலு வார்த்த நல்லபடியா பேசிக் கூட்டியாராம, கடக்கரையில நின்னு என்ன கத்து வேண்டிக்கெடக்கு?"

"இல்லம்மா," என்றான் நஜீமுதீன். "வூட்டுலேருந்து லெட்டர் வரலன்னா துபாய்ல நாங்க வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இப்படித்தான் நிப்போம். இவன் எங்க லெப்பைக்குடிக்காட்டு ஆளு."

அவன் சும்மா சொன்னதுதான். ஆனால் அங்கே பிடித்தது வினை.

அடுத்த படம் முழுக்க வெள்ளை. வெள்ளைத் தரை, வெள்ளை மரம், வெள்ளைக் கூரை. நடுவில் ஒரு பெண், கழுத்தைச் சுற்றிக் கீரிப்பிள்ளை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு பாடினாள்.

"நம்ம பக்கந்தாண்டா!" என்று கத்தினார் உள்ளூர்க்காரர் ஒருவர். "சிமெண்டு ஆலைக்குப் பின்னால எடுத்திருக்கான். ஒரு எலையாவது பச்சையா தெரியுதா பாரு. சுண்ணாம்புக்கல்லு ஏத்துற லாரிதான் இன்னும் வரல."

"அவ வாயில பொகை வருதே."

"பீடிய மறைச்சு வச்சுக் குடிக்கிறா."

ஆக, அவள் நல்லாம்பத்தைக்காரி ஆனாள். அவள் உச்சத்துக்குப் போகும்போது பக்கத்துக் கொல்லையில் யாரோ மோட்டார் போட்டார்கள். கரண்டு இறங்கியது. படம் இரண்டு பக்கமும் சுருங்கி, அந்தப் பெண் துடைப்பக்குச்சி மாதிரி ஆகிவிட்டாள்.

"ஐயையோ, சோறு தண்ணியில்லாம பாடுறா போல இருக்கே!" என்றாள் ரெங்கம்மாள். "டேய் ராமலிங்கம், ஓடிப்போயி மோட்டார நிறுத்தச் சொல்லுடா. உள்ளூருப் பொண்ணு, பாதியில விழுந்துட்டா நமக்குத்தான் அசிங்கம்."

இராமலிங்கம் ஓடினான். மோட்டார் நின்றது. அவள் உடம்பு தேறிப் பாட்டை முடித்தாள்; கொட்டகை பெருமூச்சு விட்டது.

மூன்றாவது படத்தில் ஆறு. அகலமான மணல், நாணல், குதிரைமேல் நீல கவுன் போட்ட ஓர் அழகி. அவள் தோளில் இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தைத்திருந்தது.

அண்ணாதுரை மூட்டையிலிருந்து எழுந்துவிட்டான். "கொள்ளிடம்! அட, எங்க திருமானூருக்குக் கீழ்ப் பக்கம் இதே மாதிரிதான் மணலு. இது எங்க பொண்ணு!"

"தோளுல எதுக்கு அண்ணே தலகாணி?" என்றான் வீரமுத்து.

"நெல்லு மூட்ட தூக்குற ஊருக்காரிடா. ஒனக்கு எங்க தெரியும்? உங்க ஊர்ல தூக்க என்ன இருக்கு?"

செந்துறைப் பக்கம் முணுமுணுத்தது. திருமானூர்ப் பக்கம் கைதட்டியது. அந்த அழகியும் நன்றாகத்தான் பாடினாள். குதிரைகூட இரண்டு இடத்தில் தலையாட்டியது.

அப்புறம் மலையடிவாரத்தில் நான்கு பேர். உடம்பெல்லாம் வெள்ளி ஜரிகை, தலையில் காக்கைக் கூடு. காலடியிலிருந்து புகை கிளம்பியது. மலையைப் பார்த்ததும் குரும்பலூர்க்காரர்கள், "பச்சமல! பச்சமல!" என்று பிடித்துக்கொண்டார்கள். புகையைப் பார்த்த அரியமுத்து, சாம்பிராணி போட்டால் சாமி வந்தாக வேண்டும் என்று எழுந்து நின்று கும்பிட்டார். நான்கு பேரில் ஒருவன் ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தான்.

"அதுக்குத் துருத்தி எங்கடா? காத்து யாரு போடுறது?"

"அந்தக் குதி குதிக்கிறான்ல, காத்து தானா போவும்."

அவர்கள் குதித்த குதியில் கொட்டகையின் பின்வரிசை மூட்டை ஒன்று வாய் அவிழ்ந்து, கொட்டைகள் தரையெல்லாம் உருண்டன. இதற்கும் சாட்சி உண்டு, பொறுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமலே பாடினார்கள். அவர்களுக்கு நிஜமாகவே கல்யாணம் ஆகியிருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து மை இட்டுக்கொண்டே பாடினாள். பாட்டு முடிந்தும் மை முடியவில்லை. ஒருவன் மழையில் நனைந்தபடி தெருவிளக்கைக் கட்டிக்கொண்டான். "ஷாக் அடிக்கும்டா," என்று நான்கு பேர் ஒரே சமயத்தில் எச்சரித்தார்கள். அவன் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. வெறுங்காடு. கல்லும் வெயிலும். நான்கு ஆடு. நடுவில் ஒரு முக்காலியில் பருத்த, வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், கையில் மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நடக்கவில்லை, குதிக்கவில்லை, காற்றுகூட அடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே பாடினார்.

"இதாண்டா செந்துற!" என்றான் அண்ணாதுரை. திருமானூர்ப் பக்கம் உருண்டு சிரித்தது. "ஆட்டயும் மொட்டையயும் பாத்தாலே தெரியலையா?"

வீரமுத்து சிரிக்கவில்லை. படத்திலிருந்த ஆடு ஒன்று கத்தியது. வெளியே கட்டியிருந்த வர்ணக் கொம்புக் கடா பதில் கத்தியது. அந்த மனுஷர் பாட்டை நிறுத்தாமல், ஆட்டின் முதுகை ஒரு தட்டுத் தட்டினார். வீரமுத்துவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாரும் கேட்காவிட்டாலும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார்.

நஜீமுதீன் டெக்கை நிறுத்தினான். மணி மூன்று.

"எல்லாஞ் சரி," என்றான் அண்ணாதுரை எழுந்து. "புதுப்படம்னு வாக்குக் கொடுத்தான். படம் எங்க? வாக்குத் தவறிட்டான். புள்ளைய என் மடியில வைங்க."

"ஊரு வாயப் பொளந்துச்சா இல்லையா, அதச் சொல்லு!" என்று செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஒங்க மொட்டையப் பாத்தா?"

கைகலப்பு ஆகும்போல் இருந்தது. கொளஞ்சி அழுதுவிடுவாள் போல் இருந்தாள். வேணுகோபால் பத்தர் வாசலோரத்திலிருந்து, "ஐயா, மூணரை," என்றார்.

அரியமுத்துவுக்கு வியர்த்தது. தீர்ப்புச் சொல்லாமல் தப்பிக்க ஒரே வழிதான் தெரிந்தது. "போட்டிதான நம்மகிட்ட வந்திருக்கு? மார்க் போடுங்க. எந்த ஊருப் பாட்டு ஜெயிக்குதோ, அந்த ஊரு மாமன் மடியில புள்ள. குரும்பலூரோ நம்மூரோ ஜெயிச்சா, சீர் அதிகம் கொண்டாந்தவன் மடி. லெப்பைக்குடிக்காடு ஜெயிச்சாலும் அப்படித்தான்."

அண்ணாதுரைக்குப் பல் அத்தனையும் தெரிந்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் மடி அவனுக்கு. செந்துறை ஒன்றைத் தவிர. செந்துறைக்கோ அந்த வழுக்கைத் தலை.

"ஒரு சட்டம் இருக்கு," என்றான் நஜீமுதீன். "ஒரு ஊருக்குப் பன்னெண்டு மார்க். யாரும் தன் ஊருக்குப் போட்டுக்கக் கூடாது. அங்கயும் அப்படித்தான்."

"அவ்வளவு நேர்மையா அவன்?" என்று வியந்தார் அரியமுத்து.

மூட்டைகளுக்குப் பின்னால், பாட்டுக்கு ஒன்றாக, ஐந்து தாம்பாளம் வரிசையாக வைத்தார்கள். ஊருக்குப் பன்னிரண்டு முந்திரிக்கொட்டை. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும்.

திருமானூர்க்காரர்கள் வட்டமாகக் கூடிக் குசுகுசுத்தார்கள். மடி எப்படியும் வந்துவிடும்; பாட்டிலும் தங்கள் ஊரே ஜெயிக்க வேண்டும். குதிரைக்காரிக்குப் போட முடியாது. போகட்டும், மற்ற ஊர்க்காரர்கள் போடுவார்கள். தங்கள் கொட்டையைக் குரும்பலூருக்குப் போட்டால் அந்த வெள்ளிக்காரர்கள் முந்திவிடுவார்கள். நல்லாம்பத்தைக்காரிக்கு உள்ளூர் செல்வாக்கு அதிகம். யாருக்கும் உபயோகமில்லாத ஓர் இடத்தில் தள்ளிவிடுவதுதான் புத்தி. அண்ணாதுரை பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், சிரித்துக்கொண்டே வந்தான்.

அடுத்தாற்போல் குரும்பலூர். அவர்களும் கூடினார்கள், குசுகுசுத்தார்கள். அவர்களுக்குப் பயம் திருமானூர்க் குதிரை.

நஜீமுதீன் யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நண்பனுக்காகப் போட்டான்.

ரெங்கம்மாள் நல்லாம்பத்தைக்காகப் போனாள். போகும்போதே சத்தமாகச் சொன்னாள்: "அழுவாம, குதிக்காம, தலமயிரக் கோதாம பாடுனது ஒருத்தன்தான். அத நான் யாருக்காவவும் மாத்த மாட்டேன்."

கடைசியாக வீரமுத்து. பன்னிரண்டு கொட்டையும் கையில் கனத்தன. அந்த வழுக்கைத் தலைக்காரருக்கு அவன் போட முடியாது. இருட்டில் தாம்பாளங்களில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. எப்படியும் மடி போயிற்று என்று அவன் முடிவு செய்துவிட்டான். போகிற மடி சொந்த அண்ணனுக்குத்தான் போகிறது. அக்கா நாலு பேர் முன்னால் அழாமல் இருந்தால் போதும். நீல கவுன்காரியின் தாம்பாளத்தில் பன்னிரண்டையும் வைத்துவிட்டு வெளியே வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.

ரெங்கம்மாள்தான் எண்ணினாள். வெளியே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"லெப்பைக்குடிக்காடு, ஒண்ணுமில்ல. குரும்பலூரு, ஒண்ணுமில்ல. நம்மூரு, ஒண்ணுமில்ல. எவனும் போடல, நன்றி கெட்ட சாதி சனம். திருமானூரு பன்னெண்டு."

அண்ணாதுரை மீசையைத் தடவினான்.

"செந்துற நாப்பத்தெட்டு."

செந்துறைப் பக்கம் எழுந்த கூச்சலில் சன்னல் சாக்கு ஒன்று கழன்று விழுந்தது.

"களவாணித்தனம்!" என்று கத்தினான் அண்ணாதுரை. "அந்த மொட்டைக்கு எவன்டா போட்டான்?"

"நாலு ஊரு போட்டாத்தான் நாப்பத்தெட்டு வரும்," என்றார் அரியமுத்து நிதானமாக. "செந்துறைக்காரன் தனக்குப் போட முடியாது. மிச்சம் நாலு ஊருதான். அதுல திருமானூரும் ஒண்ணு. நீ எதுல போட்ட அண்ணாதுர?"

அண்ணாதுரை அவிழாத வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். குரும்பலூர்க்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"அப்ப அந்தப் பன்னெண்டு?" என்றான் அண்ணாதுரை கடைசியில். "எங்க பொண்ணுக்குப் போட்டது எவன்?"

மிச்சம் இருந்த ஊர் செந்துறை ஒன்றுதானே. அண்ணாதுரை தம்பி பக்கம் திரும்பினான்.

"எனக்கா போட்ட? கூறு கெட்டவனே," என்றான். குரலில் பழைய காரம் இல்லை.

ஆனாலும் விடவில்லை. "கேசட்டுல இன்னும் மிச்சம் இருக்குல்ல? அவன் முடிவு என்ன, அதையும் போடு."

நஜீமுதீன் மறுத்துப் பார்த்தான். முடியவில்லை. கேசட்டை ஓட்டி விட்டான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மார்க்கைப் பெரிய பலகையில் போட்டார்கள். நீல கவுன்காரி ஆறாவது. வெள்ளிக்காரர்கள் பத்தாவது. தெருவிளக்கைக் கட்டிக்கொண்டவன் ஜெயித்தான். வழுக்கைத் தலைக்காரர் பெயருக்கு நேரே, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெரியும்படி, ஒரே ஒரு வட்டம்.

"சைபர்!" என்று துள்ளினான் அண்ணாதுரை. "பாத்தீங்களா? சைபர்!"

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ரெங்கம்மாள் டி.வி.க்கு முன்னால் போய் நின்று, பட்டாம்பூச்சி முடிச்சுக்காரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பத்தொம்போது நாடு கூடி, பாட்டுன்னா என்னன்னு தெரியாமயா இத்தன நாளு இருந்தீங்க? அதான் எங்ககிட்ட அனுப்பிவச்சிருக்கீங்க."

அரியமுத்து எழுந்தார். அவர் வாழ்நாளில் ஒரு தீர்ப்பைத் தெளிவாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"கீழ்க் கோர்ட்டுல ஆயிரம் சொல்லுவான். கேசு அப்பீலுக்கு நம்மகிட்ட வந்திருச்சு. நம்மளுதுதான் கடைசி. புள்ளையக் கொண்டாங்க."

மணி மூன்று ஐம்பது. கொட்டகை வாசலில் கிழக்குப் பார்த்து மணையைப் போட்டார்கள். வீரமுத்து உட்கார்ந்தான். கொளஞ்சி பிள்ளையை அவன் மடியில் வைக்கும்போது, "டேய், ஆடாம உக்காரு. ஒனக்குக் குத்தல, அவளுக்குத்தான்," என்றாள். அண்ணாதுரை தானாகவே வந்து பக்கத்தில் குந்தி, வெல்லக் கட்டியைப் பிள்ளை வாயருகே நீட்டினான். "இங்க பாரு கண்ணு, பெரிய மாமனப் பாரு."

பத்தர் ஊசியை இறக்கினார். காத்தாயி ஓவென்று அழுதாள். ரெங்கம்மாள் குலவையிட்டாள், பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். குலவை அடங்கிய பிறகும் பிள்ளை விடாமல் அழுதாள். மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்தரும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

வீரமுத்து அவன் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பாவும் அப்படியே. அப்படியானால் அக்கா ஏது, பெரியப்பா மகன் ஏது என்று கேட்பவர்கள் சிறுவாச்சூர் பூசாரியைப் போய்க் கேட்கலாம்.